முதல் சுற்றில் ஏறாத பெரியம்மா

“இதுல பெரியம்மா எங்க?”

சுவரில் படம் வரைய வந்த பெயின்டர், எங்கள் பழைய போட்டோக்களைப் பார்த்துவிட்டுக் கேட்ட கேள்வி இது.

எங்கள் குடும்பம் ஒரு சின்ன கேளிக்கைப் பூங்கா நடத்துகிறது. பெரியப்பாவும் சித்தப்பாவும் ஒரேயொரு குடை ராட்டினத்தோடு ஆரம்பித்தார்கள். பிறகு டாஷிங் கார் வந்தது, ஆடும் கப்பல் வந்தது, இப்போது ஜெயன்ட் வீல். கம்பெனி வளர்ந்த கதையை வாசல் சுவரில் வரிசையாக வரைந்துவிட வேண்டும் என்று பெரியப்பாவுக்கு ஆசை. அதற்காகப் பழைய போட்டோக்களை எடுத்துக் கொடுத்தார்.

புதிதாக எது வந்தாலும் வீட்டார் மொத்தமும் ஏறி முதல் சுற்று சுற்றுவது எங்கள் வழக்கம். “நம்ம பிள்ளைங்க ஏறாததுல அடுத்தவங்க பிள்ளைங்கள ஏத்தக்கூடாது” என்பார் பெரியப்பா. அந்த முதல் சுற்றுகளின்போது எடுத்த படங்கள்தான் அவை. “இங்க பாருங்க, இங்க பாருங்க” என்று ஸ்டூடியோக்காரர் கத்தினாலும் ஒருவரும் கேமராவைப் பார்க்காத படங்கள். வீட்டார் எல்லாரும் இருந்தார்கள். பெரியம்மா மட்டும் இல்லை.

பெரியம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தார்.

“நான் சுவிட்சுகிட்ட நின்னிருப்பேன். படத்துல எப்படி வருவேன்?” என்று சிரித்தார்.

சிரித்தாரே தவிர, உள்ளுக்குள் சுருக்கென்று இருந்ததாம். பிற்பாடு அவரே சொன்னார்.

கல்யாணமாகி வந்த புதிதில், குடை ராட்டினத்தின் முதல் சுற்று அன்று, அவருக்குத் தலை சுற்றியது. “நான் கீழயே நிக்கிறேன்” என்றார். பாதிச் சுற்றில் ஒரு மரக்குதிரை ஆட்டம் கண்டது. ஓடிப்போய் சுவிட்சை அணைத்தது அவர்தான். அதற்குப் பிறகு, யாரும் சொல்லாமலே அந்த இடம் அவருடையதாகிவிட்டது.

அவர் பிறந்த வீட்டில் வாய்விட்டுச் சிரித்தாலே அதட்டல்தான். அடுத்தவர்களைச் சிரிக்க வைத்தே பிழைக்கும் குடும்பத்தில் வந்து சேர்ந்ததைத் தன் அதிர்ஷ்டம் என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். அதனால் தனக்கென்று எதையும் கேட்டதில்லை. ஆனால் அந்தச் சுவரில் ஓர் ஓரமாகவாவது தானும் இருக்க வேண்டும் என்று அன்று ரொம்பவே ஆசைப்பட்டார். அதையும் கேட்கவில்லை.

பெரியப்பா அவர் முகத்தைப் பார்த்தார்.

“நாளைக்கு ஜெயன்ட் வீல் முதல் சுத்து. நீயும் ஏறுற. படமும் எடுக்கறோம்.”

“நான் ஏறிட்டா யாரு நிறுத்துறது?”

“டைமர் மாட்டிட்டேன் அண்ணி. அஞ்சு நிமிஷம் சுத்தி அதுவா நிக்கும்” என்றார் சித்தப்பா. எதைப் பிரித்து மாட்டினாலும் ஒரு நட்டை மிச்சம் வைப்பவர் அவர். பட்டப்பெயரே நட்டு.

“இதுல எத்தன மிச்சம்?”

“ஐயோ, நம்புங்க அண்ணி!”

மறுநாள் காலை எல்லாரும் ஏறிவிட்டோம். கீழே பிரஷ்ஷும் கையுமாக நின்றது பெயின்டர் மட்டும்தான்; சித்தப்பா காட்டிய பொத்தானை அழுத்தி ஓட்டிவிடுவதும், போட்டோ எடுப்பதும் அவர் பொறுப்பு. சக்கரம் சுற்றியது. பெரியம்மா கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். சக்கரம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. சித்தப்பாவின் முகம் வெளுத்தது.

“என்னடா ஆச்சு?” என்றார் பெரியப்பா.

“நிமிஷத்துல வைக்க வேண்டியத மணியில வெச்சிட்டேன் போல…”

“அப்போ மதியச் சாப்பாடு இங்கயேதானா?” என்றார் சித்தி.

ஆளாளுக்குக் கத்தினோம். மிரண்டுபோன பெயின்டர் சிவப்புப் பொத்தானை நோக்கிக் கையை நீட்டினார். வேகத்தைக் குறைக்காமல் அதை அழுத்தினால் நாங்கள் உட்கார்ந்திருந்த தொட்டிகள் குலுங்கி எங்களைத் தூக்கிப் போட்டுவிடும்.

“தம்பி, தொடாதீங்க!” நல்லவேளை, பெரியம்மாவின் தொட்டி அப்போது கீழே வந்திருந்தது. “முதல்ல அந்தக் கருப்புக் கைப்பிடி…”

மேலே போய்விட்டார். மேலிருந்து பேசினால் மோட்டார் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. பெயின்டர் கைப்பிடியைப் பிடித்தபடி வாயைப் பிளந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“…அத மெதுவா கீழ இறக்குங்க. ஒரேயடியா இல்ல…”

மறுபடியும் மேலே. சக்கரம் தளர்ந்தது. பெரியம்மாவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் பெயின்டர் கையை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை.

“…போதும். இப்போ சிவப்பு!”

நின்றது.

பெரியம்மா இறங்கித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பெரியப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“கீழ நீ நிக்கிற தைரியத்துலதான் இத்தன வருஷமும் நாங்க கால ஆட்டிக்கிட்டு உக்காந்திருந்தோம். இன்னிக்குத்தான் உறைக்குது.”

அப்போதுதான் போட்டோ ஞாபகம் வந்தது. ஒருவரும் எடுக்கவில்லை.

“அதனால என்ன” என்றார் பெயின்டர், நெற்றியைத் துடைத்துக்கொண்டு. “கைப்பிடிய நான் பிடிச்சிருந்தப்போ நீங்க எல்லாரும் என்னையே பார்த்தீங்க. அந்தப் பழைய படங்கள எடுங்க.”

எடுத்துப் பரப்பினோம். எல்லாப் படத்திலும் எல்லார் கண்ணும் ஒரே பக்கம், படத்துக்கு வெளியே. அங்கேதான் சுவிட்சு.

“இவ்வளவு பேர் பார்த்துட்டு இருக்கும்போது, பெரியம்மா இல்லைன்னு எப்படிச் சொன்னோம்?” என்றார் பெயின்டர்.

இப்போது எங்கள் சுவரில் ஒவ்வொரு படமும் அந்தப் பக்கம் கொஞ்சம் நீண்டிருக்கிறது. அங்கே ஒரு கையைச் சுவிட்சில் வைத்து, எங்களைப் பார்த்தபடி பெரியம்மா. ஜெயன்ட் வீல் படத்தில் மட்டும் அவர் தொட்டியில். கீழே நிற்பது பெயின்டர்.

பெரியம்மா சுவருக்குக் கிட்டே போய்ப் பார்த்தார். “மூக்க இன்னும் கொஞ்சம் சின்னதா போட்டிருக்கலாம்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நீங்களும் எங்கேயாவது ராட்டினம் ஏறினால், பக்கத்தில் இருப்பவரிடம் எங்கள் பெரியம்மா கதையைச் சொல்லுங்கள். ஒரே சுற்றில் முடியாவிட்டால் பரவாயில்லை. அவரைப் போலவே, கீழே வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லுங்கள்.