நிகழ்தகவுக்காக நான் கேட்ட துஆ

அஸ்ஸலாமு அலைக்கும் சகோதரிகளே. கணிதப் பாடத்துக்காக நான்கு வருடம் அழுதவள் நான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

சுனாமி வந்த டிசம்பரில், பதினோராம் ஆண்டுச் சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்த கையோடு, கடலுக்குத் தள்ளி உள்ளே இருக்கும் சவளக்கடையில் சாச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். சாச்சி உம்மாவின் தங்கை. எங்கள் வீடு கல்முனையில், கடற்கரையோரம். வாப்பா, உம்மா, எனக்கு மூத்தவரான காக்கா, தங்கச்சி நால்வரும் அங்கே இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் வந்தது. நால்வரும் மௌத்தானார்கள். ஐந்து பேரில் நான் மட்டும் மிஞ்சினேன்.

பெறுபேறு வந்தபோது கணிதம் தவிர மற்றப் பாடமெல்லாம் தேறி, சித்தி. கணிதம் இல்லாமல் ஒரு வேலைக்கும் விண்ணப்பம் போட முடியாது. சாச்சியின் தயவிலேயே காலம் போய்விடும். சாச்சி ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஆனாலும் பிளேன்டீயைக்கூடச் சத்தம் வராமல் குடிக்கப் பழகிக்கொண்டேன். வீடு நிறையப் பிள்ளைகள் இருந்தும் நான் தனியாகத்தான் இருந்தேன்.

மறு வருடம் எழுதினேன். அதற்கடுத்த வருடமும் எழுதினேன். கிடைக்கவில்லை. ஐந்து நேரத் தொழுகைக்குப் பிறகும் ஒரே துஆதான்: யா அல்லாஹ், கணிதத்தைத் தந்துவிடு. கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துப்போய், ஒரு வருடம் பரீட்சைப் பக்கமே போகவில்லை. என்னை அவன் மறந்துவிட்டான் என்றுகூட நினைத்தேன். அவன் என்னை மன்னிக்க வேண்டும்.

நான்காம் முறைக்கு முன், ஒரு மத்தியானம் பழைய வினாத்தாள்களைப் பாயில் பரப்பி, எந்தப் பகுதிக்கு எத்தனை புள்ளி என்று கேள்வி கேள்வியாக எண்ணினேன். அட்சரகணிதத்துக்கும் கேத்திரகணிதத்துக்கும்தான் அதிகப் புள்ளி; இரண்டும் எனக்கு ஓடாதவை. எண்கள், அளவீடுகளில் எடுக்கக்கூடியதை எடுத்தாயிற்று. மிச்சம் எங்கே கிடக்கிறது என்று பார்த்தால், சுனாமிக்குப் பிறகு இரண்டு முறையும் நான் வெறுமையாக விட்டுவந்த நிகழ்தகவில் கிடந்தது.

அந்தப் பாடம் முழுக்கத் தாயக்கட்டை. சூது ஹராம், தாயக்கட்டை வாசல்படி மிதிக்கக்கூடாது என்பது வாப்பாவின் கட்டளை. அவருடைய தொப்பிகூட எனக்குக் கிடைக்கவில்லை. சொல்லையாவது காப்பாற்றுவேன் என்று பிடிவாதமாக இருந்தேன். இதைச் சாச்சியிடம் சொன்னேன். அவர் போய் மௌலவியின் மனைவி மூலம் கேட்டுவிட்டு வந்தார்.

"வெளையாடுறதுதான் ஹராமாம் மகள். கணக்குப் பாக்கிறதுக்கு ஒண்டுமில்லையாம்," என்றார். பிறகு என் முகத்தையே பார்த்துக்கொண்டு, "ஒனக்கு அது தெரியாமலா இரிந்த?" என்று கேட்டார்.

தெரியும், சகோதரிகளே. தாயக்கட்டை ஒரு சாட்டு. அந்தப் பாடத்தில் வேறொரு கணக்கு இருக்கிறது. ஒரு பையில் ஐந்து பந்துகள். பார்க்காமல், எழுமாறாக ஒவ்வொன்றாக எடுக்கப்படுகின்றன. எடுத்த பந்து மீண்டும் பையில் இடப்படுவதில்லை. கடல் வந்த பிறகு அந்த வரிக்கு மேல் என்னால் வாசிக்க முடிந்ததே இல்லை. ஏன் அவர்கள் நால்வரும், ஏன் நான் இல்லை என்று கேட்கத் தோன்றும். கேட்டால் ஈமான் போய்விடுமோ என்று பயந்து புத்தகத்தை மூடிவிடுவேன்.

அன்று அஸர் தொழுதுவிட்டு, நெற்றியை நிலத்தில் வைத்து ஸுஜூதில் கிடந்து துஆவை மாற்றிக் கேட்டேன். யா அல்லாஹ், கணிதம் தராவிட்டாலும் பரவாயில்லை, அந்த வரியைத் தாண்டும்வரை என்னோடு இரு. தொழுத பாயிலிருந்து எழும்பாமலே கொப்பியை எடுத்தேன். ஐந்தில் ஒன்று. நான்கில் ஒன்று. மூன்றில் ஒன்று. இரண்டில் ஒன்று. எழுத்தெல்லாம் நனைந்துபோனது. கடைசியில் பையில் ஒரு பந்து மிஞ்சியது. விடையை எழுதி அடியில் கோடு போட்டேன். பிறகு, கடல் கொண்டுபோன நாளிலிருந்து முதன்முறையாக, நால்வரின் பெயரையும் வாய்விட்டுச் சொல்லி அவர்களுக்காக துஆ கேட்டேன். நெஞ்சு லேசானது.

அந்த டிசம்பரில் பரீட்சை எழுதினேன். பெறுபேறு தபாலில் வந்த நாட்களில் சந்தியெல்லாம் வன்னிச் சண்டைக் கதைதான். யுத்தம் முடியப்போகிறது என்றார்கள். கடிதத்தைப் பிரித்தேன். கணிதத்துக்கு நேரே 'எஸ்' என்று இருந்தது. சித்தி. சாச்சி வயலுக்குப் போயிருந்தார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். ஓடிப்போய்க் காட்ட வீட்டில் ஒருவரும் இல்லை. நின்ற இடத்திலேயே ஸுஜூதில் விழுந்து முதலில் அவனிடம்தான் சொன்னேன்.

இப்போது ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருக்கிறேன். தனிமை போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். பெருநாள் காலைகளில் அது இன்னும் வரும். ஆனால் அதைக் கண்டு ஒளிவதில்லை. சகோதரிகளே, உங்களுக்கும் வாசிக்க முடியாத ஒரு வரி இருக்கும். அதை அழித்துவிடு என்று கேட்காதீர்கள். வாசிக்கும்போது கூட இரு என்று கேளுங்கள். நான் கேட்டேன். இருந்தான்.