தூளிகளைக் கழற்றிய காலை

எங்கள் காப்பகத்துக்கு இன்னும் மூன்று வருடம் மானியம் தரலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய, ஐரோப்பாவிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. திருமுல்லைவாயிலில் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில், வாடகைக்கு எடுத்த ஓட்டுக் கட்டடத்தில் காப்பகம் நடந்தது. பேட்டையில் வேலை பார்த்த பெண்கள் கைக்குழந்தைகளைக் காலையில் எங்களிடம் விட்டுவிட்டுப் போவார்கள். எனக்குத் திட்ட ஒருங்கிணைப்பாளர் என்று வாய் நிறைய ஒரு பட்டம். ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து ரயிலில் வந்து போவேன்.

பணம் அவருடைய நாட்டு அரசாங்கத்துடையது. அந்த ஊர் ஜனங்கள் கட்டிய வரி. கேள்வி கேட்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை. ஆனால் கேட்கிற கேள்விகளைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். ‘பயனாளிகளின் பங்கேற்பை எப்படி உறுதி செய்கிறீர்கள்?’ என்று ஃபேக்ஸ் அனுப்புவார்கள். அம்பத்தூரில் ஃபேக்ஸ் மெஷின் வைத்திருந்த கடைக்காரர், சாவுச் செய்தி கொடுக்கிற முகத்தோடு அதை என்னிடம் நீட்டுவார். நானும் ஏதோ பெரிய பெரிய வார்த்தையாகப் போட்டுப் பதில் எழுதுவேன்.

மானியம் நின்றால் காப்பகத்தை மூட வேண்டியதுதான். மூடினால் அந்தப் பெண்களில் பாதிப் பேருக்கு வேலை போய்விடும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இருந்திருந்தால் அவர்கள் ஏன் எங்களிடம் வரப்போகிறார்கள்?

அன்று காலை மீனம்பாக்கத்தில் அதிகாரியை வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டேன். காட்டுப்பாக்கம் தாண்டும்போது அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். “போகிற இடமெல்லாம் மாலை போட்டு மேடையில் உட்கார வைக்கிறார்கள். வேலை நடப்பதைக் கண்ணால் பார்க்காமல் நான் எதையும் சிபாரிசு செய்ய மாட்டேன்.”

“எங்களிடம் அந்த வழக்கமே கிடையாது” என்றேன். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்ட் நெரிசலில் கார் நின்றபோதும் அதையே இன்னொரு தரம் பெருமையாகச் சொன்னேன்.

காப்பகத் தெருவில் திரும்பியதும் முதலில் கண்ணில் பட்டது ஷாமியானா. அடுத்து அதன் கீழே போட்ட மேடையும் மைக் செட்டும். வாசலில் எங்கள் கமிட்டித் தலைவர் சலவை வேட்டியும் கையில் ரோஜா மாலையுமாக நின்றார். பாதுகாப்புத் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், மதுரைப் பக்கத்து மனிதர். காப்பகத்துக்காக ஓடி ஓடி உழைத்தவர்தான். ஆனால் விருந்தாளி வந்து மேடையும் மாலையும் இல்லாவிட்டால் அது ஊருக்கே அவமானம் என்று நினைப்பவர்.

உள்ளே போய்ப் பார்த்தேன். ஒரு குழந்தை இல்லை. உத்தரத்தில் தொங்கும் சேலைத் தூளிகள் ஒன்றுகூட இல்லை. புதுச் சுண்ணாம்பு வாசனையும் வரிசையாக மடக்கு நாற்காலிகளும்தான் இருந்தன.

“பிள்ளைங்க எங்க சார்?”

“ஆயாம்மாக்களோட பின்தெரு மண்டபத்துல சௌக்கியமா இருக்காங்கம்மா” என்றார் பின்னாலேயே வந்த தலைவர். “வெளிநாட்டுக்காரங்க வர்ற நேரத்துல தூளியும் ஈரத்துணியுமாவா காட்டுறது? நாலு பேரு பாத்தா நம்மளப் பத்தி என்ன நெனப்பாங்க?”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மைக் ஒயரைப் பிடுங்கி எறிந்திருப்பேன். அதற்குள் அதிகாரியை மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்திவிட்டார்கள். அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை, ‘நீயும் இப்படித்தானா’ என்ற சலிப்புதான் இருந்தது. மானியம் போயிற்று என்று முடிவே கட்டிவிட்டேன்.

தலைவரின் வரவேற்புரை நடந்துகொண்டிருந்தபோது பேட்டையில் பத்தரை மணிச் சங்கு ஊதியது. தேநீர் இடைவேளை. குழந்தைக்குப் பால் கொடுக்கத் தாய்மார்கள் ஓடிவருகிற நேரம். குழந்தைகளை இடம் மாற்றியதை அவர்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

கம்பெனிக் கோட்டோடு, கையில் எண்ணெய்க் கறையோடு, மேடையையும் மாலையையும் ஏறிட்டும் பார்க்காமல் கும்பலாக உள்ளே போனார்கள். போன வேகத்தில் வெளியே வந்தார்கள். தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை செய்கிற பெண் ஒருத்தி நேரே என்னிடம் வந்தாள்.

“இன்னா மேடம், புள்ளங்க ஒண்ணியும் காணோம்? எம் பையன் எங்க கீறான்? மாரு கட்டிக்கினு உயிர் போவுது. சூப்பர்வைசரு பத்து நிமிசந்தான் உடுவாரு.”

தலைவர் மைக்கில், “தாய்மார்கள் அமைதியாக உட்காரவும்” என்றார்.

“நீ உக்காரு நைனா” என்றாள் அவள்.

நான் போய் மைக்கை அணைத்தேன். “மண்டபத்துல இருக்காங்க, வாங்க” என்று முன்னால் நடந்தேன். திரும்பிப் பார்த்தால் பொன்னாடையோடு அதிகாரியும் பின்னால் வருகிறார்.

மண்டபத்தில் ஒரே அழுகை. தூளி இல்லாமல் ஒரு குழந்தையும் தூங்கவில்லை. ஆளுக்கொன்றாக வாரிக்கொண்டு காப்பகத்துக்குத் திரும்பினோம். நடந்தபடியே பால் கொடுத்தவர்களும் உண்டு. விழாவுக்கென்று வாடகைக்கு எடுத்த நாற்காலிகளின் மேல் ஏறி நின்று, கழற்றி வைத்திருந்த சேலைகளை உத்தரத்தில் வீசி முடிச்சுப் போட்டார்கள். ஏறினவர் விழாமல் நாற்காலியை அதிகாரி பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் தூளிகள் ஆடத் தொடங்கின. அழுகை ஒவ்வொன்றாக அடங்கியது.

அந்த அமைதியில்தான் அதிகாரி தன் கேள்வியைக் கேட்டார். “எங்கள் பணம் ஒருநாள் நின்றுவிடும். அப்புறம்?”

நான் பதிலுக்கு வாயைத் திறந்தேன். அவர் என்னைக் கையமர்த்திவிட்டு அந்த பிரஸ் ஷாப் பெண்ணைக் காட்டினார். கேள்வியைத் தமிழில் சொன்னேன். அவள் யோசிக்கவே இல்லை.

“நின்னா நிக்கட்டும், இத்த நாங்க உடமாட்டோம் மேடம். மொதலாளிங்களாண்ட கேப்போம், நாங்களும் துட்டு போடுவோம். ஆனா ஒண்ணு. இனிமே யாரு வந்தாலும் எங்கள கேக்காம புள்ளங்கள தூக்கிகினு போவக் கூடாது.”

கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் பூசி மெழுகிச் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. தலைவர் பக்கத்தில்தான் நின்றார். இருந்தாலும் அப்படியே மொழிபெயர்த்தேன்.

“இந்தப் பெண் உங்கள் கமிட்டியில் இருக்கிறாரா?” என்று அதிகாரி கேட்டார்.

இல்லை. தாய்மார்களில் ஒருவர்கூட இல்லை. பங்கேற்பைப் பற்றி அத்தனை ஃபேக்ஸ் எழுதியும் எங்களில் யாருக்கும் அது தோன்றவில்லை. தலைவர் தலையைச் சொறிந்துகொண்டு, “சேத்துருவோம்மா” என்றார். மறு வாரமே சேர்த்தும்விட்டார். முதல் கூட்டத்தில் தன் இருக்கையை அந்தப் பெண்ணுக்கே கொடுத்தார், அதை நான் மறக்க மாட்டேன்.

சில மாதம் கழித்து ஃபேக்ஸ் வந்தது. முழுதாக மூன்று வருடம். பாதிக் கமிட்டி தாய்மார்களாக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. கடை வாசலிலேயே நின்று நாலு தடவை படித்தேன். நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று ரோட்டில் போகிறவர்களிடமெல்லாம் சொல்ல வேண்டும் போலிருந்தது. கிடைத்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டு காப்பகத்துக்குப் போனேன். பால் கொடுக்கும் நேரம். அந்தப் பெண் சுவரில் சாய்ந்து, மகனை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் மூச்சிரைக்க, “கிடைச்சிடுச்சு, மூணு வருஷம்” என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்க்காமல் சிரித்தாள்.

“மெதுவா பேசு மேடம். இப்பதான் கண்ண மூடிக்கினான்.”