ஒரு கட்டடத்துக்கு இரண்டு பட்டியல்

அந்த மனிதரைக் கவிழ்த்தே தீர வேண்டும் என்ற எண்ணம் எனக்கு முதன்முதலில் வந்தது கொட்டாஞ்சேனையில், ஒரு பொலிஸ் நிலையத்து மர வாங்கில் உட்கார்ந்திருந்தபோது. மடியில் பாணும் சம்பலும் சுற்றிய பார்சல். உள்ளே அக்கா. எதிர்ச் சுவர் மணிக்கூட்டில் ஒன்பதாக ஐந்து நிமிடம். ஒன்பது மணிக்கு அக்கா தூதரகத்தில் இருந்திருக்க வேண்டும். அவளைக் கட்டப்போகிறவர் கனடாவில் மூன்று வருடமாகக் காத்திருந்தார். இந்த விசா நேர்முகத்துக்காகத்தான் அவள் யாழ்ப்பாணத்திலிருந்து, வவுனியாவில் பயண அனுமதிப் பாஸுக்கு ஒரு கிழமை வரிசையில் நின்று, கொழும்புக்கு வந்து சேர்ந்தாள்.

முள் ஒன்பதைத் தொட்டது. ஒன்றும் நடக்கவில்லை. மேசையிலிருந்த பொலிஸ்காரர் கொட்டாவி விட்டார். ஒன்பது பத்து. ஒன்பதரை. பார்சல் எண்ணெய் என் பாவாடையில் ஊறிக்கொண்டிருந்தது. அப்போதுதான் நினைத்தேன்: இவளை உள்ளே போட்டவன் இந்தக் கொட்டாவிக்காரன் அல்ல. வெள்ளவத்தையில், எங்கள் தொடர்மாடியின் மூன்றாம் மாடியில், இந்நேரம் பேப்பர் விரித்துத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பவர்.

எங்கள் தொடர்மாடி காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையில் இருக்கிறது. பதினாறு வீடுகள். பதினைந்து தமிழ்க் குடும்பங்கள். கீழ்மாடியில் ஓய்வுபெற்ற ரயில்வே கார்ட் ஒருவர், சிங்களவர், கட்டடம் கட்டிய நாளிலிருந்து இருப்பவர், எங்களுக்குக் கார்ட் மாத்தையா, அதாவது கார்ட் ஐயா. கட்டடத்தில் யார் யார் தங்குகிறார்கள் என்று ஒரு பட்டியலை எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர், அந்த மூன்றாம் மாடிக்காரர், கையெழுத்திட்டுப் பொலிஸில் கொடுக்க வேண்டும். அதில் பெயர் இருந்தால் சோதனைக்கு வருகிறவர்கள் தலையை எண்ணிவிட்டுப் போய்விடுவார்கள். இல்லையென்றால் ட்ரக்கில் ஏற்றுவார்கள்.

நகரத்தில் குண்டு வெடித்த ஒரு மாதத்தில் தலைவர் ஒரு விதி கொண்டுவந்தார். ஆறு மணிக்குக் கேற் பூட்டப்படும். வடக்கிலிருந்து வருகிறவர்களில் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் மட்டும் தங்கலாம். மற்றவர்கள் லொட்ஜுக்குப் போகட்டும். அவர் அரசாங்கக் கச்சேரியில், கோப்புகளுக்கு நடுவே, முப்பது வருடம் வேலை பார்த்தவர். ஒரு விதியை எழுதிவிட்டால் அதற்குப் பிறகு வானம் இடிந்து விழுந்தாலும் விதியைத்தான் பார்ப்பார்.

அக்கா என் பெரியம்மாவின் மகள். ஒரே முற்றத்தில் ஒரே சட்டியில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அவளைக் கூட்டிக்கொண்டு அவருடைய கதவைத் தட்டினேன்.

"அங்கிள், பத்து நாள்தான். இன்டர்வியூ முடிய ஊருக்குப் போயிடுவா."

"பிள்ளை, பெரியம்மாட மகள் உடன்பிறந்தவ இல்லை. எழுதினால் பொய்."

"அப்ப ஆர் அவ எனக்கு?"

"வீட்டில அக்கா எண்டு கூப்பிடுங்கோ, ஆர் வேண்டாமெண்டது? பதினாறு வீட்டுக்கும் நான் பதில் சொல்லவேணும். ஒராளுக்குத் திறந்தால் நாளைக்கு வரிசையில நிப்பினம்."

"வந்தால் என்ன? எங்கட சனம்தானே."

"எங்கட சனத்துக்காகத்தான் பூட்டுறன்" என்றார். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். அடித்துச் சாத்தியிருந்தாலாவது கொஞ்சம் மறந்திருப்பேன்.

அக்கா கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜுக்குப் போனாள். நேர்முகத்துக்கு இரண்டு நாள் முன்பு லொட்ஜைச் சுற்றிவளைத்தார்கள். மிச்சம்தான் அந்த வாங்கு.

மூன்றாம் நாள் அவளை விட்டார்கள். நேரே எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். கேற்றில் தலைவர் நின்றார். பட்டியலில் இல்லாதவளை அவருக்கு முன்னாலேயே உள்ளே கூட்டிப் போனேன். எனக்கு அப்போது சொற்கள் தேவைப்படவில்லை, சங்கத்தின் யாப்பு, அதன் விதிக்கோவை, தேவைப்பட்டது. சட்டக் கல்லூரிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவள் நான். பிரேரணை, வழிமொழிதல், கோரத்துக்கு எத்தனை பேர் என்பது எல்லாம் புத்தகத்தில் இருந்தன. இனி அவை மனிதருக்கு மேல் பிரயோகிக்கப்படும் என்று நினைக்கையில், வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்குப் பசி எடுத்தது. அன்று மூன்று தடவை சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். நேர்முகம் தவறிய கதையைச் சொல்லச் சொன்னேன். அவள் ஒவ்வொரு தடவையும் இன்னும் சுருக்கமாகச் சொன்னாள். ஐந்தாவது வீட்டில், "ஓம், பிடிச்சவை, பிறகு விட்டவை" என்று முடித்துவிட்டாள். நான்தான் மிச்சத்தை விரித்துச் சொன்னேன்.

இரண்டு கிழமைக்குள் கட்டடம் நடுவால் பிளந்தது. தலைவருடைய ஆட்களுக்கு நாங்கள் வைத்த பெயர் பூட்டுக்காரர். அவர்கள் எங்களைத் திறப்புக்காரர் என்றார்கள். பூட்டுக்காரர்கள் கோழைகள், நாலு சுவருக்காக இனத்தை விற்றவர்கள் என்று நாங்கள் சொன்னோம். எல்லாரையும் உள்ளே அனுப்பிவிட்டுத்தான் இவர்கள் அடங்குவார்கள் என்று அவர்கள் சொன்னார்கள். மொட்டைமாடிக் கொடியில் அவர்கள் உடுப்பு ஒரு பக்கம், எங்கள் உடுப்பு ஒரு பக்கம். இந்த வருடம் ஒரே கட்டடத்தில் இரண்டு சரஸ்வதி பூசை. எங்கள் சுண்டலை அவர்கள் தொடவில்லை. அவர்கள் அவலை நாங்கள் காகத்துக்கு வைத்தோம். காகம் இரண்டையும் தின்றது.

ஒரு போயா நாள், பௌர்ணமி விடுமுறை, மொட்டைமாடியில் கூட்டம். தலைவரை நீக்கும் பிரேரணையை நான் வாசித்தேன். எட்டுக் கைகள் எழுந்தன. எதிராக ஏழு. கார்ட் மாத்தையா கையைத் தூக்கவில்லை. கூட்டம் முழுக்கத் தமிழில் நடந்தது. அவருக்கு எவரும் சிங்களத்தில் எடுத்துச் சொல்லவில்லை. பாவம், விசிறியோடு கடைசிவரை இருந்தார்.

வென்றுவிட்டோம் என்று கை தட்டினோம். தலைவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டார்.

"மூன்றில் இரண்டு வேணும், பிள்ளை. யாப்பில பன்னிரண்டாவது பிரிவு. நீர் படிக்கிற பிள்ளை, வாசிச்சிருப்பீர் எண்டு நினைச்சன்."

ஏழு வீடும் சிரித்தது. அந்தச் சிரிப்பு இன்றைக்கும் என் காதில் கிடக்கிறது. பன்னிரண்டாவதை நான் வாசிக்கவில்லை.

மறுநாளே நாங்கள் வேறு சங்கம் தொடங்கினோம். நான் செயலாளர். புறக்கோட்டையில் போய் ஒரு ரப்பர் முத்திரை வெட்டுவித்தேன். தலைவருடையதைவிடப் பெரிது. முதல் வேலையாக எங்கள் பட்டியலைத் தயாரித்துப் பொலிஸில் கொடுத்தேன். அதில் அக்கா இருந்தாள். எங்கள் எட்டு வீட்டு விருந்தாளிகளும் இருந்தார்கள். மற்ற ஏழு வீடுகளில் இருப்பவர்களின் பெயர்களையும் எழுதினேன், ஒருவரைத் தவிர.

தலைவருடைய மனைவியின் தம்பி, ஒரு வாத்தியார், பொரளையில் கண் சத்திர சிகிச்சைக்காக ஊரிலிருந்து வந்து தலைவர் வீட்டில் தங்கியிருந்தார். அவர் உடன்பிறந்தவர் என்பதால் விதிக்குள் அடங்கினார். அக்காவுக்குச் சாத்திய கதவு அவருக்குத் திறந்தது. அந்தப் பெயரை நான் எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்று எவரும் நினைக்க வேண்டாம். பேனையை அந்த வரிக்கு நேரே பிடித்து, கொஞ்சம் யோசித்து, அடுத்த வீட்டுக்குப் போனேன். கொட்டாஞ்சேனை வாங்கு என்றால் என்ன என்று அவர் வீட்டிலும் ஒருவர் அறியட்டும் என்று இருந்தது. இனித்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

அதே கிழமை தலைவரும் தன்னுடைய பட்டியலைக் கொடுத்தார். அதில் எங்கள் விருந்தாளிகள் ஒருவரும் இல்லை.

அக்காவுக்குத் தூதரகத்திலிருந்து மறுதிகதி வந்திருந்தது. வருகிற புதன்கிழமை. இன்னொரு தடவை தவறினால் கோப்பை மூடிவிடுவோம் என்று கடிதத்தில் இருந்தது.

நேற்றுச் சனிக்கிழமை. காலை பத்து மணி. அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். பொலிஸ் வந்தது. அதிகாரி கார்ட் மாத்தையாவின் கதிரையைக் கேட்டு வாங்கிக் கேற்றடியில் போட்டு உட்கார்ந்தார். ஒரு தொடையில் தலைவருடைய பட்டியல், மற்றத் தொடையில் என்னுடையது. இரண்டையும் விரலால் ஓட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு கட்டடத்துக்கு எதற்கு இரண்டு பட்டியல், எது பொய் என்று சிங்களத்தில் கேட்டார். தலைவர் என்னைக் காட்டினார். நான் தலைவரைக் காட்டினேன்.

அதற்குப் பிறகு அதிகாரி எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு தாளிலும் இருக்கிற பெயர்கள் ஒரு பக்கம். ஒரு தாளில் மட்டும் இருக்கிற பெயர்கள் ட்ரக்கில். ஏழு பேர். ஆறு பேர் எங்கள் விருந்தாளிகள், அதில் ஒருத்தி அக்கா. ஏழாவது, ஒரு கண்ணில் கட்டுப் போட்ட வாத்தியார். படியில் தடுமாறினார். தலைவருடைய மனைவி பின்னால் ஓடி வந்து, ட்ரக்கில் இருந்த அக்காவின் கையில் மருந்துப் போத்தலைத் திணித்தார்.

அப்போது கார்ட் மாத்தையா கதிரைக்குப் பின்னால் நின்று இரண்டு தாளையும் எட்டிப் பார்த்தார்.

"துவ, மகே நம கோ?" என்றார் என்னிடம். மகளே, என் பெயர் எங்கே என்று கேட்டார்.

தேடினேன். என் பட்டியலில் இல்லை. தலைவருடையதிலும் இல்லை. சிங்களவருக்குப் பட்டியல் எதற்கு என்று நான் நினைத்திருந்தேன். தலைவரும் அப்படித்தான் நினைத்திருப்பார். அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். இரண்டு தாளிலும் இல்லாத ஒரே மனிதரை ட்ரக்கில் ஏற்றவில்லை. அந்தச் சிரிப்பும் எனக்கு எரிந்தது. கார்ட் மாத்தையாவுக்கு அதைவிட எரிந்திருக்க வேண்டும். கதிரையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவை அடித்துச் சாத்தினார்.

தலைவரும் நானும் தனித்தனி பஸ்ஸில் பொலிஸ் நிலையத்துக்குப் போனோம். ஒரே வாங்கில், நடுவில் இரண்டு பேர் இருக்கக்கூடிய இடம் விட்டு, மூன்று மணித்தியாலம் இருந்தோம். அவருடைய இடது செருப்பின் வார் அறுந்து, அவசரத்தில் ஊசி குத்தியிருந்தது. அதைப் பார்த்தபோது இரக்கம் வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன். நல்லா வேணும் என்றுதான் இருந்தது. ஆனால் உள்ளே அக்காவும் இருந்தாளே. அந்த நல்லா வேணும் திரும்பி என் பக்கமும் வந்து நின்றது.

நாலு மணிக்கு அதிகாரி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். ஏழு பேரையும் இப்போது விடுகிறேன், திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஒரே பட்டியல், இரண்டு பேருடைய கையெழுத்தும். வராவிட்டால் வடக்கிலிருந்து வந்த ஒருவரும் அந்தக் கட்டடத்தில் இருக்க முடியாது, எல்லாரையும் திருப்பி அனுப்புவேன் என்றார். புதன்கிழமை நேர்முகம். ஞாயிறு ஒரு நாள்தான் இடையில்.

திரும்பி வரும்போது அக்கா பஸ்ஸில் யன்னலோரம் இருந்தாள். நான் என் திட்டங்களைச் சொல்லத் தொடங்கினேன். தலைவருக்கு எதிராக ஒரு முறைப்பாடு, பேப்பருக்கு ஒரு கடிதம்.

"உன்ர சண்டைக்குள்ள என்ர பேரைத் தூக்கிக்கொண்டு திரியாதை" என்றாள்.

"உனக்காகத்தானே அக்கா எல்லாம்."

"எனக்காக எண்டால் முந்தியே அந்த மனுசனோட கதைச்சிருப்பாய். அந்த வாத்தியாருக்கு ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா மருந்து விடவேணும். அவருக்குக் கை நடுங்குது. நான்தான் விட்டன். அவற்ர பேரை விட்டது நீதானாம், உண்மையோ?"

நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன். இரத்மலானை பஸ் ஒன்று எங்களை முந்திக்கொண்டு போனது.

இன்று ஞாயிறு. இதை எழுதுகிற மேசையில் புதிய பட்டியலும், தலைவரோடு பேசப்போகிற நிபந்தனைத் தாளும் இருக்கின்றன. காலையிலிருந்து நாலு தரம் எழுதிக் கிழித்தேன். கேற் பூட்டட்டும், அதை அவருக்கு விட்டுக்கொடுக்கிறேன். ஆறு மணிக்கு அல்ல, எட்டு மணிக்கு. ஏழு மணிக்கு என்று அவர் நிற்பார், ஏழரைக்கு இறங்குவேன். உறவு எது என்று அவர் விதி சொல்லக்கூடாது. யார் வந்தாலும் வந்த அன்றே செயலாளருக்கும் தலைவருக்கும் அறிவிக்க வேண்டும். அது அவருக்குப் பிடிக்கும். கட்டடத்துக்கு முத்திரை ஒன்றுதான், அவருடைய சின்ன முத்திரை. என்னுடையதை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன், எறியவில்லை. கூட்டத்தில் பேசுவது எல்லாம் கார்ட் மாத்தையாவுக்கு விளங்கும்படி ஒருவர் சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருக்கிறேன். பட்டியலில் முதல் பெயர் அவருடையது. கீழே போய் எழுத்துச் சரியா என்று காட்டினேன். கதவைப் பாதி திறந்து, பார்த்துவிட்டு, இன்னும் முகம் கொடுக்காமல் சாத்தினார். அந்தக் கணக்கு வேறாகத் தீர்க்க வேண்டும்.

அந்த மனிதரை நான் மன்னிக்கவில்லை. ஒன்பது மணியைத் தொட்ட முள் இன்னும் என் நெஞ்சில் நிற்கிறது. பட்டியலில் இரண்டு வரிகளை வெறுமையாக விட்டிருக்கிறேன். ஒன்றில் அக்காவின் பெயரை அவர் தன் கையால் எழுத வேண்டும், உறவு என்ற இடத்தில் அக்கா என்றும் எழுத வேண்டும். அவ்வளவு பழி எனக்குப் போதும் என்று இன்றைக்கு நினைக்கிறேன். மற்ற வரியில் வாத்தியாரின் பெயரை நான் எழுத வேண்டும் என்று அவர் கேட்பார். நான் எழுதுவதைக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்ப்பார். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுவேன்.

நாலு மணிக்கு அவர் தேத்தண்ணி குடிப்பார். இப்போது நாலாகப் பத்து நிமிடம். பேனை இரண்டு எடுத்துவிட்டேன், ஒன்று எழுதாது என்று சொல்ல அவருக்கு வாய்ப்புக் கொடுக்கக்கூடாது. யாப்பின் பன்னிரண்டாவதை வாசித்துவிட்டேன், பதின்மூன்றாவதையும். கதவு திறக்காவிட்டால் மூன்றாம் மாடிப் படியில் குந்துவேன். அக்காவும் வருகிறாளாம். எனக்காக அல்ல, வாத்தியாருக்கு மருந்து விடுகிற நேரமாம்.