சத்தம் வைக்காமல் பார்த்த தொடர்

அந்தக் குடியிருப்பில் அவருக்குக் ‘கேமரா’ என்று பெயர். எதிரில் வந்தால் கேமரா அண்ணன், அந்தப் பக்கம் போய்விட்டால் வெறும் கேமரா. இதில் அவருக்கு வருத்தம் எதுவும் கிடையாது. ஐந்து மாடிக் கடை ஒன்றின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத ஓர் அறையில் உட்கார்ந்து, பதினாலு வருடம் முப்பத்திரண்டு திரைகளைப் பார்த்தே காலத்தை ஓட்டியவரை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்?

சும்மா பார்த்தவர் இல்லை, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவர். கைக்குட்டை திருடினவளிலிருந்து கைக்கடிகாரம் திருடினவன்வரை முந்நூறு பேருக்குமேல் பிடித்துக் கொடுத்திருக்கிறார். அவருக்கென்று இரண்டு விதிகள் உண்டு. முதலாவது, முகத்தைப் பார்க்காதே, கையைப் பார். முகத்துக்கு நடிக்கத் தெரியும், கைக்குத் தெரியாது. இரண்டாவது, திருட வந்தவன் முதலில் பொருளைப் பார்க்க மாட்டான், கேமரா எங்கே இருக்கிறது என்றுதான் பார்ப்பான். ஒரே ஒரு நொடி கண் மேலே போய்வரும். அந்த ஒரு நொடி போதும் அவருக்கு.

இரண்டு மாதத்துக்கு முன்னால் கடையில் ஒரு புது இயந்திரத்தை மாட்டினார்கள். அது தானே பார்க்கும், தானே சந்தேகப்படும், தானே மணியடிக்கும். மேலாளர் இவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தேநீர் வரவழைத்து, தேநீர் ஆறுவதற்குள் விஷயத்தை முடித்துவிட்டார். அதற்குப் பிறகு பதினாறு இடங்களில் வேலை கேட்டாயிற்று. பதினாறு பேரும் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள், ஒருத்தர்கூடச் சொல்லி அனுப்பவில்லை.

வீட்டில் மூன்றே பேர். மனைவி ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறாள். மகள் கல்லூரிக்குப் போகிறாள். காலை எட்டரைக்கு இரண்டு பேரும் கிளம்பிவிட்டால் வீடு கப்சிப். முதல் வாரம் முழுவதும் அவர் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தார். இதைக் கண்ட மகள்தான் தொலைக்காட்சியில் ஒரு தொடரைப் போட்டுக் கொடுத்தாள்.

“ரெண்டு வருஷமா ஓடுதுப்பா. ஊரே பார்த்து முடிச்சாச்சு. அறுநூத்தி நாப்பது எபிசோடு. மெதுவா பார்த்துட்டு வாங்க, எங்களைப் பிடிச்சிடலாம்.”

பார்த்தார். பெரிய வீடு, படுக்கையில் மாமனார், இரண்டு மருமகள்கள், நடுவில் ஒரு உயில். ஆனால் ஒரு விசேஷம், சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டுத்தான் பார்த்தார். கடைக் கேமராவில் சத்தம் கிடையாது. பதினாலு வருடம் ஊமைப் படமாகவே உலகத்தைப் பார்த்துப் பழகிய மனிதருக்குத் தொடரின் அழுகையும் அதற்கு மேலே போட்ட வயலினும் தலைவலியைக் கொடுத்தன. தவிர, பேச்சு எதற்கு? கை இருக்கிறதே.

“சத்தம் இல்லாம என்னத்தைங்க புரியும்?” என்று மனைவி கேட்டாள்.

“எல்லாம் புரியும். உயிலைத் தூக்குனது இளையவ. பாரு, பீரோ பேச்சு வந்தாலே இடுப்புல கை வைக்கிறா. சாவி அங்கதான் இருக்கு.”

இதை அவர் சொன்னது முப்பத்தோராவது பகுதியில். தொண்ணூறாவது பகுதியில் சாவி இளையவள் இடுப்பிலிருந்துதான் விழுந்தது. அன்றைக்கு அவருக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது. வேலை போனால் என்ன, கண் போகவில்லை! நூற்று நாற்பதாவது பகுதியில் மூத்தவள் ஒரு சின்னக் குப்பியை முந்தானையில் மறைத்தபோது, விஷம் என்று அடித்துச் சொன்னார். அது மாமனாரின் இருமல் மருந்து என்று பின்னால் தெரியவந்தது. அதற்கு இயக்குநரைத் திட்டினார்.

ஒரு நாளைக்குப் பத்துப் பகுதி பார்த்தால் யாருக்குத்தான் மனசு ஒரு மாதிரி ஆகாது? வில்லிகள் எல்லாரும் வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள். கெட்டவன் வாசலைத் தாண்டி வந்ததே இல்லை, சாப்பாட்டு மேசையில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தட்டை நகர்த்திக் கொடுத்துக்கொண்டிருந்தான். நம்மவர் மெல்ல மெல்ல மனைவியின் கையைப் பார்க்க ஆரம்பித்தார். பையை எந்தத் தோளில் மாட்டுகிறாள், அலைபேசியைத் திரை மேலே இருக்கும்படி வைக்கிறாளா கீழே இருக்கும்படி வைக்கிறாளா என்றெல்லாம் கணக்கெடுத்தார். பத்தொன்பது வருடம் குடும்பம் நடத்தியதில் ஒரு நாளும் இதையெல்லாம் கவனித்ததில்லை என்பதே அவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. கவனிக்காத இடத்தில்தானே திருட்டுப் போகும்?

ஒரு செவ்வாய்க்கிழமை. தொடரில் மூத்தவள் வாய் ஓயாமல் எதையோ சொல்லிக்கொண்டிருக்க, எழுந்து கூடத்து ஜன்னல் பக்கம் போனார். நாலாவது மாடி. திரைச்சீலை இடுக்கில் பார்த்தால் கட்டடத்தின் வாயில் நேராகத் தெரியும். மனைவி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தாள். வாயிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கூட்டர், அதன்மேல் சாய்ந்தபடி நீலச் சட்டை போட்ட ஒருவன். அவளைப் பார்த்ததும் நிமிர்ந்தான். அவள் பைக்குள்ளிருந்து வெள்ளைப் பெட்டி ஒன்றை எடுத்தாள். கொடுப்பதற்கு முன்னால் தலையைத் தூக்கி, ஒரே ஒரு நொடி, மேலே பார்த்தாள்.

அவர் திரைச்சீலையை விட்டுவிட்டுச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். முந்நூறு பேரிடம் பார்த்த அதே பார்வை. யாராவது பார்க்கிறார்களா, இல்லையா. இல்லை என்று தெரிந்ததும் கை வேலையை முடிக்கும். மறுபடி எட்டிப் பார்த்தபோது பெட்டி கைமாறியிருந்தது. நீலச் சட்டை ஏதோ சொல்ல, அவள் சிரித்தாள். வாய்விட்டுச் சிரித்தாள். இந்த இரண்டு மாதத்தில் அவரிடம் அப்படி ஒரு சிரிப்பு அவள் சிரித்ததே இல்லை.

மேலே வந்தவளிடம், “லேட்டா?” என்று மட்டும் கேட்டார்.

“இல்லையே. செவ்வாய்க்கிழமைல டாக்டர் சீக்கிரம் மூடிடுவாரே. எப்பவும் வர்ற நேரம்தான்.”

எப்பவும் வர்ற நேரமாம். பழைய குறிப்பேடு ஒன்று இருந்தது, அதில் பழைய பாணியிலேயே எழுதினார்: நான்கு நாற்பத்திரண்டு. வாயில். நீலச் சட்டை, ஸ்கூட்டர். வெள்ளைப் பெட்டி ஒன்று. மேலே பார்த்தல், ஒரு தடவை.

அடுத்த செவ்வாய் நான்கு நாற்பது. அதே ஸ்கூட்டர். சட்டை மட்டும் சாம்பல் நிறம். ஆனாலும் ‘நீலச் சட்டை’ என்றே எழுதினார், ஆளுக்கு ஒரு பெயர் வைத்தாகிவிட்டது, அதை மாற்றுவானேன். இந்தத் தடவை இரண்டு பெட்டி. கொடுக்கும்முன் மேலே ஒரு பார்வை. மற்ற நாட்களிலும் ஜன்னலை விட்டு அகலாமல் பார்த்தார். ஸ்கூட்டர் வரவில்லை. அவள் மட்டும் தினமும் வாயிலில் ஒரு நொடி நின்று மேலே பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தாள். ஒத்திகை பார்க்கிறாள் என்று முடிவு செய்தார்.

சாப்பாடு இறங்கவில்லை. தொடரில் இருநூற்று எண்பதாவது பகுதியில் சிக்கிக்கொண்டு அதற்கு மேல் நகரவே இல்லை. மகளுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

“என்னப்பா, மாமனார் செத்துட்டாரா? மூஞ்சி இப்படித் தொங்குது?”

“உங்கம்மாவுக்கு ஆஸ்பத்திரியில யாரு யாரு கூடம்மா பழக்கம்?”

“பல்லு வலிக்காரங்க கூட. ஏன்?”

“சும்மாதான் கேட்டேன்.”

மகள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அவர் தன் கையைப் பார்த்தார். அது பாட்டுக்குச் சட்டை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தது.

உண்மையைச் சொன்னால், அவர் பயந்தது பெட்டிக்கு இல்லை. வேலை இல்லாதவனை ஒருத்தி எத்தனை நாள் சகித்துக்கொள்வாள் என்பதுதான் அவரைத் தின்றுகொண்டிருந்தது. அவள் போய்விட்டால் தன்னிடம் என்ன மிச்சம் இருக்கும் என்று எண்ணிப் பார்த்தார். அறுநூற்று நாற்பது பகுதிகளும் ஒரு திரைச்சீலையும்தான் மிச்சம். அழுகை வந்தது, அதையும் சத்தம் இல்லாமல் அழுதார்.

மூன்றாவது செவ்வாய்க்கிழமை நான்கரைக்கே கீழே இறங்கி, மின்சார மீட்டர்கள் வைத்திருக்கும் மறைவில் போய் நின்றார். கையும் களவுமாகப் பிடிப்பது என்று தீர்மானம். ஸ்கூட்டர் வந்தது. மனைவி வந்தாள். தலையைத் தூக்கி மேலே பார்த்தாள். பெட்டி பைக்குள்ளிருந்து வெளியே வந்ததும் நம்மவர் பாய்ந்தார்.

“அந்தப் பெட்டியைத் திற!”

அவள் பதறிப்போனாள். “என்னங்க, இங்க நிக்கிறீங்க?”

“திறன்னு சொல்றேன்ல. நீ திற, இல்ல அவன் திறக்கட்டும்.”

நீலச் சட்டைக்காரன் முழித்தான். “சார், மெதுவா சார். உடைஞ்சா டாக்டர் என்னைத் தொலைச்சிடுவாரு” என்று சொல்லிக்கொண்டே பெட்டியைத் திறந்தான். உள்ளே பஞ்சுக்கு நடுவில் ஒரு பல் செட். மேல் வரிசை, கீழ் வரிசை, பதினாலு பதினாலாக, வெள்ளைச் சுண்ணாம்பு மாவில் வார்த்த அச்சு. அவரைப் பார்த்து ஈயென்று இளித்தது.

“எழுபது வயசு அம்மா ஒருத்தரோட அச்சு சார். பல் கட்டுற லேபுக்குக் கொண்டு போறேன். செவ்வாய்க்கிழமை கிளினிக்கை நாலு மணிக்கே மூடிடுறாங்க. இந்த நேரத்துல எனக்கு இந்தப் பக்கம்தான் வேலை, அங்க வர ஆறு ஆயிடும். அதனால அக்கா வீட்டுக்குக் கொண்டு வந்து குடுக்குறாங்க. என் வீடும் அடுத்த தெருதான்.”

“போன மாசமே சொன்னேனே,” என்றாள் மனைவி. “செவ்வாய்க்கிழமை பல்லை எல்லாம் பையில போட்டுக்கிட்டு பஸ்ல வர்றேன்னு சொல்லிச் சிரிச்சேன். நீங்க டிவியைப் பார்த்துட்டே தலையாட்டுனீங்க.”

அவர் முகத்தில் அசடு வழிந்தது. இவர் தொடருக்கு மட்டுமல்ல, மனைவிக்கும் சத்தத்தைக் குறைத்துவிட்டார் என்று தெரிகிறது. அந்த இடத்தில் வேறு மனிதனாக இருந்தால் வாயை மூடிக்கொண்டு மாடி ஏறியிருப்பான். இவரால் முடியவில்லை. பதினாலு வருடத் தொழில் அவ்வளவு சுலபத்தில் விடுமா?

“பெட்டி சரி. அப்ப மேல எதுக்குப் பார்த்த? குடுக்கறதுக்கு முன்னால பார்த்தியே. தினமும் பார்க்கிற. நான் குறிச்சு வச்சிருக்கேன். யாராவது நிக்கிறாங்களான்னுதானே பார்த்த?”

“ஆமா.”

இந்த ‘ஆமா’வை அவர் எதிர்பார்க்கவில்லை.

“நீங்க பால்கனியில நிக்கிறீங்களான்னு பார்ப்பேன்,” என்றாள். “நிக்கலைன்னு தெரிஞ்சாத்தான் எனக்கு மூச்சே வரும். அதுக்கப்புறம்தான் கை கால் ஓடும்.”

“என்ன சொல்ற?”

“வேலை போன அன்னைக்கு, பஸ்ஸை விட்டு இறங்கி வர்றேன். நீங்க பால்கனியில நின்னுட்டிருந்தீங்க. கம்பியை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டுக் கீழயே பார்த்துட்டிருந்தீங்க. நான் இங்க நின்னு கையை ஆட்டுனேன். நேரா என்னைத்தான் பார்த்தீங்க, ஆனா நான் உங்க கண்ணுல படல. நாலு மாடியும் எப்படி ஏறி வந்தேன்னு எனக்கே தெரியாது. வந்து பார்த்தா உள்ள உட்கார்ந்து ஷூவைத் துடைச்சிட்டிருந்தீங்க. கேட்கப் பயமா இருந்துச்சு. கேட்கல.”

நீலச் சட்டைக்காரன் பெட்டியை மூடினான். “நான் வர்றேன்க்கா,” என்று யாருக்கும் கேட்காத குரலில் சொல்லிவிட்டு, ஸ்கூட்டரைக் கிளப்பாமலேயே தெருமுனைவரை தள்ளிக்கொண்டு போனான். நல்ல மனிதன்.

நம்மவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தச் சாயங்காலத்தை அவர் எந்தக் குறிப்பேட்டிலும் எழுதவில்லை. யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தார். இத்தனை நாளும் அவர் ஜன்னலில் நின்று அவளைப் பிடிக்கப் பார்த்திருக்கிறார், அவளோ கீழே நின்று அவரைத் தவறவிடாமல் பார்த்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது.

“அன்னைக்கு என்னத்தைங்க பார்த்தீங்க?” என்று கேட்டாள். குரல் எப்போதும்போல இருந்தது, கைதான் பையின் வாரைச் சுருட்டிக்கொண்டிருந்தது.

சும்மா காற்று வாங்கினேன் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது. “எவ்வளவு உயரம்னு பார்த்தேன்” என்றார்.

அவள் அழவில்லை. காலிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவர் கையைப் பிடித்து மாடிப்படிப் பக்கம் திருப்பினாள்.

“இனிமே அப்படிப் பார்க்கணும்னு தோணுச்சுன்னா எனக்கு ஒரு போனைப் போடுங்க. பல்லு வலிக்காரங்க காத்திருக்கட்டும்.”