அம்பு ஏற்றும் நேரத்தில் டீ

கடந்த ஞாயிறு மதியம். இரணியலில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு குகைப் பூதம் எங்களைக் கொல்லப் பார்த்தது.

பதறாதீர்கள். விளையாட்டுதான். ஆளுக்கொரு வீரராக மாறி, பகடை உருட்டி, கதை சொல்லிக்கொண்டே ஆடுகிற விளையாட்டு. ஞாயிறுதோறும் ஆடுவோம். கதையை நடத்துபவன் என் கொழுந்தன் செல்வின். என் கணவருக்குச் சாதா வில். மயிலாடியிலிருந்து வரும் நண்பர் முருகனுக்கு வாள். எனக்கு கிராஸ்போ — கட்டையில் குறுக்காகப் பொருத்திய வில், விசையை அழுத்தினால் அம்பு பாயும். படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு நானே கேட்டு வாங்கியது.

அங்கேதான் வந்தது வினை. ஒரு சுற்றில் அம்பு விட்டால், அடுத்த சுற்று முழுக்க நாணை இழுத்து அம்பு ஏற்றவே சரியாகிவிடும். அதுதான் விதி. கணவர் சுற்றுக்குச் சுற்று அம்பு விடுவார். நான்...?

"மைனி ஏத்துகதுக்குள்ள ஒரு டீ கிடைக்குமா?"

மைனி என்றால் அண்ணி; முதலில் கேட்டவன் செல்வின்தான். பிறகு யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அம்பு விடுவேன், அடுப்படிக்குப் போவேன். திரும்பி வந்தால் பூதம் செத்துக் கிடக்கும். கடந்த ஞாயிறோடு நிறுத்திவிடலாம் என்றே முடிவு செய்திருந்தேன். டீ போட எதற்கு ஒரு வீராங்கனை?

அன்றும் அம்பு விட்டேன். எழுந்தேன்.

"இரிங்க மைனி," என்றான் செல்வின். "இன்னைக்கு முதல் நம்ம வீட்டுல புது விதி. பக்கத்துல நிக்கவன் தன் சுற்றை விட்டுக்குடுத்தா, உங்களுக்கு அம்பு ஏத்தித் தரலாம். நீங்க சும்மா இருக்காண்டாம்."

"அப்போ டீ?" முருகனின் கவலை அவருக்கு.

"ஏத்துகவந்தான் அதையும் போடணும்."

இருவரும் பகடையையே உற்றுப் பார்த்தார்கள். பூதத்தைப் பார்த்துக்கூட இவர்கள் இப்படி அடங்கியதில்லை.

கடைசியில் என் கணவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "நான் ஏத்துகேன். ஏட்டி, நீ குறி பாத்து விடு."

அடுப்படியில் பாத்திரங்கள் உருண்டன. இங்கே நான் பகடையை உருட்டினேன். பூதம் என் அம்பில் விழுந்தது. அது விழுவதை முதல்முறையாக உட்கார்ந்து பார்த்தேன். கண் கலங்கியது என்றால் சிரிப்பீர்கள்... கலங்கத்தான் செய்தது.

எழுதிவைத்த விதி என்று நாம்தான் அடங்கிப் போகிறோம். நாம் எழுந்து போவதைக் கவனிக்க ஒருவர், நமக்காக எழுந்து போக ஒருவர் — இரண்டு பேரும் ஒரே வீட்டில் கிடைத்தால் அதைவிடக் கொடுப்பினை என்ன? செல்வினுக்கும் அவருக்கும் நன்றியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நேரில் சொன்னால் இருவருக்கும் தலைக்கனம் ஏறிவிடும்.

டீ வந்தது. சீனி போட மறந்திருந்தார். ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.