மெமரி ஒழுகிய இடம்

சேலத்தில் எங்கள் மென்பொருள் அலுவலகத்துக்கு மூன்று நாள் உதவிக்கென்று குமாரபாளையத்திலிருந்து ஒருவர் வந்தார். ஒல்லியான உடம்பு, காதில் செருகிய பென்சில். ஒவ்வொரு முறை டெஸ்ட் ஓடி முடிந்ததும், கம்ப்யூட்டரில் அது எவ்வளவு மெமரி தின்றது என்பதை நாள்காட்டித் தாளின் பின்புறம் குறித்துக்கொள்வார்.

எங்கள் இணையதளம் சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்கும் டெஸ்ட்கள் பாதி ஓடும்போதே மெமரி நிரம்பி நின்றுவிடும். அப்போது எந்த டெஸ்ட் ஓடுகிறதோ அதன் மேல் பழி போடுவது எங்கள் வழக்கம். அப்படித்தான், உடன் வேலை செய்யும் ரெஜினாவை ஒரே டெஸ்டை இரண்டு முறை திருப்பி எழுத வைத்திருந்தேன்.

“நின்ன எடத்தையே பாக்கறீங்க. ஒழுகற எடம் வேறயா இருக்குமுங்க” என்றார் வந்தவர்.

ஒன்றுமே செய்யாத வெற்று டெஸ்ட் ஒன்றை எழுதி நூறு முறை ஓட்டினார். அதற்கும் மெமரி ஏறியது. ஆக, தப்பு எந்த டெஸ்டிலும் இல்லை. எல்லாவற்றுக்கும் முன்னால் ஓடும் பொதுக் கோப்பில் இருந்தது. அதில் தொடங்கிய டைமரை யாரோ நிறுத்தாமல் விட்டதால், முடிந்த டெஸ்ட்கள் மெமரியை விட்டுப் போகவேயில்லை. ஒரே வரியில் சரிசெய்தார்.

“இத எழுதுனது யாருங்க?” என்று ரெஜினா கேட்டார்.

“அத நான் பாக்கலீங்க” என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டார்.

அந்தக் கோப்பின் முதல் வரியிலேயே, எழுதியவர் என்று என் பெயர்தான் இருந்தது. அவர் போன பிறகு, என் மேசையில் கிடந்த நாள்காட்டித் தாளைப் புரட்டினேன். எண்களுக்குக் கீழே என் பெயரை எழுதி, ரப்பரால் அழித்திருந்தார்; தடம் மட்டும் தெரிந்தது.

தாளை மறந்து விட்டுப் போனாரா, எனக்கென்றே வைத்தாரா, தெரியவில்லை. ரெஜினாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.