வீடு ரிப்பேர் என்றார்கள்

வீடு ரிப்பேர் என்றார்கள். கூரை ஒழுகுகிறது, ஆள் வரப்போகிறான், அந்தத் தூசியில் பிள்ளை எப்படிப் படிக்கும், அதனால் வேறு வீடு பார்த்திருக்கிறோம் என்றார்கள். மலேசியாவில், புக்கிட் மெர்தாஜாமில் அந்த வீட்டில் நான் இருந்த காலம் முழுக்க ஒரு சொட்டு ஒழுகியதில்லை. பினாங்கு மழையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒழுகுகிற கூரையாக இருந்தால் முதல் வாரமே குட்டு வெளிப்பட்டிருக்கும்.

அப்போது எனக்குப் பதினாறு வயது. எண்பதுகளின் தொடக்கம். அப்பா உறுப்பினராக இருந்த ஒரு சங்கம் வருடத்துக்கு ஒரு பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பும். அங்கே சங்கத்தைச் சேர்ந்த குடும்பங்கள் அந்தப் பிள்ளையைத் தங்கள் வீட்டில் வைத்துப் பள்ளிக்கு அனுப்புவார்கள். அப்படி ஓராண்டுக்குத் திருநெல்வேலியிலிருந்து போனவள் நான். ஊரில் மாலை போட்டு அனுப்பினார்கள். எங்கள் தெருவில் விமானம் ஏறிய முதல் பெண் என்று அம்மா பால்காரரிடம்கூடச் சொல்லியிருந்தாள்.

சங்கத்தின் பினாங்குப் பொறுப்பாளர்தான் என்னையும் என் பெட்டியையும் காரில் ஏற்றி, ஃபெர்ரியில் பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனுக்குக் கொண்டுபோனார். நல்ல மனிதர், ஆனால் வாயில் எதுவும் நிற்காது. நடுக்கடலில், என்னைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"இந்த வீட்டுலயாச்சும் நல்லபடியா இரும்மா. இதுவும் சரிப்படலன்னா டிக்கெட்தான். வேற வீடு இல்ல லா."

'இந்த வீட்டிலாவது' என்றால் என்ன அர்த்தம்? கூரை ஒழுகினால் அது என் தப்பா? ஒரு பெண் வெளிநாடு போய்விட்டுப் பாதியில் திரும்பி வந்தால் எங்கள் ஊரில் ஒருவரும் காரணம் கேட்க மாட்டார்கள். அவர்களே ஒரு காரணம் வைத்துக்கொள்வார்கள். என் கல்யாணம் வரை, அதற்கப்புறமும், அந்தக் காரணம் எனக்கு முன்னால் போய் ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்திருக்கும். அதனால் என்ன ஆனாலும் இந்த இரண்டாவது வீட்டில் ஒட்டிக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

அது ஒரு வரிசை வீடு. யாழ்ப்பாணத்திலிருந்து தாத்தா காலத்தில் வந்த குடும்பம். அங்கிள் துறைமுக அலுவலகத்தில் தலைமைக் கிளார்க். ஆன்ட்டி ஒல்லியாக, வேகமாக நடப்பவர். அவர்களுக்கு என் வயதில் ஒரு மகன், யார் என்ன கேட்டாலும் தோளைக் குலுக்குவான். அப்புறம் ஒரு சாம்பல் நிறப் பூனை.

முதல் நாளே எனக்கு இரண்டு விஷயங்கள் சரியாகப் படவில்லை. ஒன்று, சமையலறைப் பரணில் சட்டிகளும் ஒரு பெரிய இரும்புச் சட்டியும் செய்தித்தாளில் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டி வைக்கப்பட்டிருந்தன. தாளில் தூசி இல்லை. புதுசாகக் கட்டியது.

"அது என்ன ஆன்ட்டி?"

"அது பழஞ்சட்டி பிள்ளை. பாவிக்கிறேல்லை" என்று சொல்லிவிட்டு, ஆன்ட்டி அவசரமாகப் பருப்பைக் கிளறினார். பயன்படுத்தாத சட்டியை யாராவது அவ்வளவு பத்திரமாகக் கட்டிவைப்பார்களா?

இரண்டாவது, பூனை. தினமும் மாலை சமையலறை வாசலில் வந்து உட்காரும். அடுப்பைப் பார்க்கும், ஆன்ட்டியைப் பார்க்கும், கடைசியில் என்னைப் பார்க்கும். அந்தப் பார்வை இருக்கிறதே, கடன்காரன் பார்ப்பான் அப்படி. கொஞ்ச நாளில் அது பக்கத்து வீட்டுக்கே குடிபோய்விட்டது. பூனைக்குக்கூட என்னைப் பிடிக்கவில்லை என்று அன்று நிஜமாகவே அழுதேன்.

சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. எங்கள் வீடு சுத்த சைவம், இவர்களும் அப்படித்தான் என்று சொல்லியிருந்தார்கள். இடியப்பம், சொதி, பலாக்காய்க் கறி, கத்தரிக்காய்ப் பொரியல் என்று ஆன்ட்டி விதவிதமாகச் செய்தார். ஆனால் அந்த மேசையில் யாரும் பேச மாட்டார்கள். அங்கிள் இடியப்பத்தைப் பிட்டு, சொதியில் நனைத்து, வாய்க்குக் கொண்டுபோகுமுன் ஒரு பெருமூச்சு விடுவார். மகன் தட்டையே முறைத்துக்கொண்டிருப்பான். புக்கிட் மெர்தாஜாம் வீட்டிலும் இதே பெருமூச்சைக் கேட்டிருந்தேன் என்பது அப்போது நினைவுக்கு வந்தது. என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டால் மனிதர்களுக்கு ஏன் இப்படி ஆகிறது?

சாப்பிட்டு முடித்ததும் அங்கிள் எழுந்துவிடுவார்.

"சும்மா ஜாலான் ஜாலான் போட்டு வாறன்."

நடந்து வருகிறாராம். மகனும் கூடவே கிளம்புவான். திரும்பும்போது இருவர் முகத்திலும் அப்படி ஒரு களை. வீட்டுக்குள் வருவதற்கு முன் வெளிக் குழாயில் சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார்கள். நடந்துவிட்டு வருகிறவன் காலைக் கழுவலாம். கையை எதற்கு அப்படிக் கழுவ வேண்டும்? அங்கிளுக்கு வெளியே ஏதோ விவகாரம் என்று ஒரு வாரம் சந்தேகப்பட்டேன். மகனையும் கூட்டிக்கொண்டு போகிற விவகாரம் என்ன விவகாரம் என்று யோசித்து அதைக் கைவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று பேருமாகக் காரில் கிளம்புவார்கள். யாரோ சுகமில்லாத ஆளைப் பார்க்கப் போகிறார்களாம்.

"நீ அங்க வந்து என்ன செய்யப் போறாய் பிள்ளை? ஆஸ்பத்திரி மாதிரி மணக்கும்" என்பார் ஆன்ட்டி. என்னைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டுப் போவார்கள். வாராவாரம் பட்டுச்சேலை கட்டாத குறையாக உடுத்திக்கொண்டு நோயாளியைப் பார்க்கப் போகிறவர்களை நான் அதுவரை கண்டதில்லை.

இதற்கிடையில் ஒருநாள் கோயிலுக்காக புக்கிட் மெர்தாஜாம் போனோம். கார் என் பழைய தெரு வழியாகப் போயிற்று. நான் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தேன். சிமென்ட் மூட்டை இல்லை, மணல் இல்லை, கூரையில் ஆள் இல்லை. முன்வாசலில் துணி காய்ந்தது. ஒருவேளை வேலை முடிந்துவிட்டதோ என்று பார்த்தால், கூரையில் அதே பழைய பாசி. ஆன்ட்டியும் அதைப் பார்த்தார், நான் பார்ப்பதையும் பார்த்தார், உடனே கோயில் கூட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

ஆகவே, துரத்தியிருக்கிறார்கள். ஏன்? குளியலறையில் முடி விட்டேனா? கேட்காமல் ஃபிரிட்ஜைத் திறந்தேனா? என்னிடம் ஏதாவது நாற்றமா? பள்ளியிலும் கேட்க ஆளில்லை. அங்கே பாடம் முழுக்க மலாய். வகுப்பே சிரிக்கும்போது என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்களோ என்று தோன்றும். இங்கிலீஷில் என்னிடம் பேசிய சீனத் தோழி ஒருத்தி மட்டும் இருந்தாள். அவளிடம் இதையெல்லாம் சொல்ல வெட்கமாக இருந்தது.

வீட்டில் நல்ல பிள்ளையாகிப் பார்த்தேன். எல்லாத் தட்டையும் கழுவினேன். குளியலறைத் தரையைத் துடைத்துவிட்டு வந்தேன். பாரம் ஆகிவிடக் கூடாதென்று பாதி வயிற்றுக்குத்தான் சாப்பிட்டேன். ஆன்ட்டிக்கு அது பொறுக்கவில்லை.

"ஏன் பிள்ளை, கறி வாய்க்கேல்லையோ?" என்று மறுநாள் இன்னும் இரண்டு காய்கறி கூடுதலாகச் செய்தார். மேசையில் பெருமூச்சும் கூடியது.

ஒரு மாலை, தண்ணீர் குடிக்கப் போனவள் சமையலறைக்கு வெளியே நின்றுவிட்டேன். உள்ளே மகன் குரல்.

"இன்னும் எவ்வளவு நாள்மா? என்னால முடியல லா."

"மெல்லக் கதை" என்றார் ஆன்ட்டி. "அந்தப் பிள்ளைக்குக் கேக்கப் போகுது. பாவம்."

கேட்டுவிட்டது. தண்ணீர் குடிக்காமல் அறைக்குப் போய்ப் பெட்டியை வெளியே எடுத்தேன். கிளம்பச் சொன்ன பிறகு அழுதுகொண்டே துணி மடிக்கிற அவமானம் வேண்டாம் என்று பாதித் துணியை மடித்தும் வைத்துவிட்டேன். அடுத்து வரப்போவது என்ன காரணம்? இந்தத் தடவையும் கூரையா?

அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல மூவரும் நோயாளியைப் பார்க்கப் போனார்கள். சீனத் தோழி வந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, வா, ஐஸ் கச்சாங் சாப்பிடலாம், எல்லாம் சரியாகிவிடும் என்றாள். துருவிய ஐஸில் பாகு ஊற்றித் தருவது. பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டுக் கடற்கரை ஓரத்துக் கடைகளுக்கு பஸ்ஸில் போனோம். சாயங்காலக் கூட்டம், புகை, கரி அடுப்பு. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தேன். அப்போது ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. தெரிந்த குரல், ஆனால் அந்தக் குரல் சிரித்து நான் கேட்டதே இல்லை.

வட்ட மேசையைச் சுற்றி மூன்று பேர். நடுவில் வாழையிலையில் சுட்ட மீன், பெரியது. ஒரு தட்டு நிறைய நண்டு. அங்கிள் இரண்டு கையாலும் நண்டுக்காலை உடைத்துக்கொண்டிருந்தார். மகன் வாயில் நிறைய வைத்துக்கொண்டு ஏதோ சொல்ல, ஆன்ட்டி கையில் ஒரு மீன் தலையுடன் தலையைச் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மகன்தான் முதலில் என்னைப் பார்த்தான். மெல்லுவதை நிறுத்தினான். ஆன்ட்டி திரும்பினார், பேயறைந்ததுபோல் ஆனார். அங்கிள் என்ன செய்தார் தெரியுமா? பக்கத்தில் கிடந்த செய்தித்தாளை எடுத்து நண்டுகளை மூடினார். ஒரு கொடுக்கு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"நோயாளி எங்கே?" என்று கேட்டேன். அதற்கு மேல் தாங்கவில்லை. நடுக் கடைத்தெருவில் வாய்விட்டு அழுதேன். "என்னை அனுப்பப் போறீங்களா ஆன்ட்டி? நான் என்ன தப்புப் பண்ணினேன்? சொல்லிட்டாவது அனுப்புங்க!"

"அனுப்பிறதோ?" ஆன்ட்டிக்குப் புரியவே இல்லை. "ஆர் அனுப்பினது? ஐயோ பிள்ளை, இரு, இரு." என்னை இழுத்து உட்காரவைத்தார். அந்தக் கையால் தொடுகிறோமே என்று சட்டென்று நினைவு வந்து கையை எடுத்துக்கொண்டார்.

பிறகு மெதுவாகச் சொன்னார். நான் வருவதற்கு முன் அம்மா டிரங்க் கால் போட்டு அவரிடம் கேட்டிருக்கிறாள், மகள் இருக்கும் வரை வீட்டில் மீன், இறைச்சி புழங்கக் கூடாது என்று. ஆன்ட்டி வாக்குக் கொடுத்துவிட்டார். மீன் சட்டிகளைக் கழுவிக் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டார். கடல் சூழ்ந்த ஊரில், வெள்ளிக்கிழமை தவிர ஒருநாளும் மீன் இல்லாமல் சாப்பிட்டிராத குடும்பம்.

"அப்ப புக்கிட் மெர்தாஜாம் வீடு?"

அங்கிள் செய்தித்தாளையே பார்த்துக்கொண்டு சொன்னார். "அவரும் வாக்குக் குடுத்த ஆள்தான். அவரால ஏலேல்லை. இதை ஆர் உன்னட்டச் சொல்லுறது? அதுதான் கூரை எண்டு சொல்லிப்போட்டார்."

எனக்கு நன்றி வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். ஒரு மீனுக்காகவா நான் இத்தனை நாள் செத்துச் செத்துப் பிழைத்தேன்? இவர்கள் சிரிப்பையெல்லாம் இங்கே கொண்டுவந்து சிரித்துவிட்டு, வீட்டுக்கு வெறும் முகத்தோடு வந்தார்கள். அந்த வீட்டில் நான் ஒரு விருந்தாளி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் ஒரு விரத நாள்.

"நாளைக்கு வீட்டுல மீன் சமைங்க" என்றேன்.

"சீ! உன்ர அம்மாவுக்கு என்ன சொல்லுவன்?"

"என் தட்டுல வராம பாத்துக்கோங்க. உங்க தட்டைப் பத்தி அம்மா எதுக்குக் கேக்கணும்? அம்மாகிட்ட நானே பேசிக்கிறேன்."

ஆன்ட்டி கணவரைப் பார்த்தார். கணவர் நண்டுக் கொடுக்கைப் பார்த்தார். மகன் செய்தித்தாளைத் தூக்கிப் பக்கத்தில் போட்டான்.

அம்மாவோடு பேசியது தனிக் கதை. நாலு வார்த்தை திட்டினாள், இடையில் லைன் கட்டாகிவிட்டது. சம்மதம் என்று நானே வைத்துக்கொண்டேன். பரணிலிருந்து சட்டிகள் இறங்கின. பின்கட்டில் தனி அடுப்பு வைத்தார் ஆன்ட்டி. என் சமையலை முதலில் முடித்து மூடிவைத்துவிட்டு, இரும்புச் சட்டியில் எண்ணெய் ஊற்றி, பெலாச்சான் என்கிற இறால் விழுதைப் போட்டு வதக்கினார்.

பொய் சொல்ல மாட்டேன், நாற்றம் குடலைப் பிடுங்கியது. கண்ணில் நீர் வந்தது. ஆனால் மேசையில் அங்கிள் அலுவலகக் கதை சொன்னார். மகன் அவரைக் கிண்டல் செய்தான், என்னையும் கிண்டல் செய்தான். யாரும் பெருமூச்சு விடவில்லை. பூனை மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல் பின்வாசல் வழியாக வந்து தன் பழைய இடத்தில் உட்கார்ந்தது.

அப்போதுதான் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு அக்காவின் குரல், தெருவுக்கே கேட்கும்படி:

"என்னாக்கா, மீன் வாசம் தூக்குது! இந்தியா பிள்ள பாலேக் போயிருச்சா?"

ஊருக்குத் திரும்பிப் போய்விட்டேனா என்று கேட்கிறார். அதாவது அந்தத் தெரு முழுவதற்கும் தெரிந்திருக்கிறது, என் ஒருத்தியைத் தவிர. ஆன்ட்டி அகப்பையோடு என் பக்கம் திரும்பினார். நான் எழுந்தேன். ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாசலுக்குப் போய், இன்னொரு கையால் வேலியைப் பிடித்து எட்டிப் பார்த்தேன்.

"இல்லக்கா" என்றேன். "இங்கதான் இருக்கேன். வருஷம் முடிஞ்சுதான் போவேன்."